ஒன்பது மேஸ்திரிகள்

மூன்று பொத்தானுக்கு மேல் கோட்டு பூட்ட வரவில்லை. சாராள் அப்பாவின் வயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் இழுத்துப் பார்த்தாள். பட்டாளத்துக் கோட்டு. பன்னிரண்டு வருஷமாகப் பெட்டிக்குள் கிடந்தது. அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவர் பட்டறைக் கேன்டீனில் போண்டா தின்றிருந்தார்.

"முதுகுப் பக்கம் கிழிச்சுடு. மல்லாக்கத்தான படுக்க வைக்கப் போறோம்? யாரு பாக்கப் போறா?" என்றாள் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள்.

"அவருக்குத் தெரிஞ்சா பேஜாரு பண்ணுவாரு," என்றாள் சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா சின்னப்பொண்ணு. சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று மறுபடி அழுதாள்.

ஹவில்தார் ராஜமாணிக்கம் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சொம்பு வருவதற்குள் போய்விட்டார். ஐந்து மணிக்கு அடக்கம் என்று போதகர் சொல்லியிருந்தார். இப்போது மணி இரண்டு. ஊருக்கு வெளியே உள்ள இரும்பு வார்ப்புப் பட்டறையில் சாவுச் சேதி சொல்லிவிட்டு வருகிறேன் என்று காலை ஆறு மணிக்குச் சைக்கிளில் போன சாராளின் கணவன் தானியேல் இன்னும் திரும்பவில்லை.

ஆண்பிள்ளை இல்லாத வீடு. தலைமாட்டில் தோள் கொடுக்க வேண்டியவன் மருமகன்தான்.

"இன்னா, மருமவப்புள்ள இன்னும் வர்லியா?" என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. கவரைப்பேட்டை முழுக்கத் தெரிந்த கதைதான் அது.

சீன யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய ராஜமாணிக்கத்தை, ஆட்களைப் பழக்குவதற்கென்றே பட்டறையில் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் வார்ப்பு மணலைத் தரையில் குவித்து மலை செய்வார். விரலால் ஆறு கீறுவார். ஆணிகளை ஆட்களாக நட்டு வைப்பார். சண்டைக்கு முன்னால் பட்டாளத்தில் அப்படித்தான் விளக்குவார்களாம். கொஹிமாவோ, அவரே நின்ற பனிமலையோ, எந்தச் சண்டையானாலும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆணி ஏன் செத்தான், தப்பு யாருடையது? அடுத்தவன்மேல் பழி போட்டவனை எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார். தன் தப்பையும் மறைக்க மாட்டார். பின்வாங்கும்போது பாலத்தைத் தாண்டிய பிறகு தலை எண்ணாமல் நடந்துவிட்டார். இரண்டு பேர் அந்தக் கரையிலேயே நின்றுபோனார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

இப்படி ஒன்பது பேரை அவர் மேஸ்திரி ஆக்கினார். அதே பட்டறையில் வேலை செய்த மருமகனை ஆக்கவில்லை. வகுப்பிலேயே சேர்க்கவில்லை.

"நல்லவன்தான். யாரு இல்லன்னா? வாயத் தொறந்து நாலு பேருக்கு வேலை சொல்லத் தெரியணுமே," என்று போன வருஷம் சொன்னார். சாராள் ஒரு மாதம் அவருடன் பேசவில்லை. தானியேல்தான் "வுடு, அவருக்குத் தெரியாததா" என்று சமாதானம் பண்ணினான்.

அந்தக் கோபத்தை மனதுக்குள் வைத்திருந்து இன்றைக்குக் காட்டுகிறானோ? நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அப்பாவுக்குத் தோள் கொடுக்க அவன் வராமல் போனால் தன்னால் அவனை மன்னிக்க முடியாது என்றும் தெரிந்தது. கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டின் முதுகைக் கிழித்தாள்.

மூன்று மணிக்குப் பட்டறை மேஸ்திரிகள் ஒவ்வொருவராகச் சைக்கிளில் வந்து, தெருமுனையில் சேர்ந்து, வரிசை கட்டி வாசலுக்கு வந்தார்கள். வகுப்புப் பழக்கம். மூத்தவர் திருமலை எல்லாருக்கும் முன்னால் நின்று ஒரு சல்யூட் வைத்தார். கை இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"எங்க ஊட்டுக்காரரு எங்கண்ணா?" என்றாள் சாராள்.

"உலையாண்ட இருக்கான் தங்கச்சி. இன்னிக்கு வார்ப்பு. சேதி வர்றதுக்குள்ள உலை மூட்டியாச்சு. நடுவுல காத்தை நிறுத்தினா இரும்பு உள்ளயே இறுகிப்பூடும். அப்பால பத்து நாளைக்குப் பட்டறைய மூடிட்டு ஒடைக்கணும், அத்தனை பேருக்கும் கூலி போயிடும். அதான் அவனும் பூவராகவனும் நின்னுக்கினாங்க, நாங்க வந்துட்டோம்."

"நானா?" என்றார் அப்போதுதான் சைக்கிளைச் சாத்திவிட்டு வரிசையின் கடைசியில் வந்து நின்ற பூவராகவன். "நீ நிக்கறேன்னுல்ல சொன்னான்?"

"எங்கிட்ட பூவராகவன் நிக்கறார்னு சொன்னானே," என்றார் சுப்பிரமணி.

திருமலை விரல் நீட்டி எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். ஒன்பது.

தானியேல் ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய், இன்னொருவர் பெயரைச் சொல்லி, அத்தனை பேரையும் அனுப்பிவிட்டிருந்தான். தலை எண்ணப் பழகிய ஒன்பது பேரில் ஒருவர்கூடப் பட்டறைக் கேட்டில் நின்று எண்ணவில்லை.

"என் தப்பு," என்றார் திருமலை.

"இல்லண்ணா, நான்தான் விசாரிச்சிருக்கணும். என் தப்பு," என்றார் பூவராகவன்.

"எம்மேலதான் தப்பு," என்று சுப்பிரமணி தொடங்கினார். வரிசை முழுக்க அது பரவியது. நான் திரும்பிப் போகிறேன், நீ இரு, நான் போகிறேன் என்று ஒன்பது பேரும் ஒரே இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அடப் பாவிங்களா, யாரு தப்புன்னு அப்பால பேசிக்கோங்க," என்றாள் கெங்கம்மாள். "அங்க ஒருத்தன் ஒண்டியா நெருப்பாண்ட நிக்கறான்."

சாராள் எழுந்தாள். இவ்வளவு நேரம் அவனைப் பற்றி என்னென்ன நினைத்துவிட்டோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"யாரும் முன்னாடி போவ வேணாம். அப்பாவத் தூக்குங்க. பட்டறை வழியாவே போவலாம்."

"அது சுத்தும்மா, ஒரு மைல் கூட ஆகும். இருட்டிடும்," என்றார் போதகர்.

"இருட்டட்டும் ஐயா."

வெள்ளைத் துணி போர்த்திய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பட்டறைக் கேட்டில் காவல்காரர் தன் பெஞ்சை இழுத்துப் போட, அதன்மேல் இறக்கினார்கள். பூவராகவனும் சுப்பிரமணியும் உள்ளே ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்தார்கள்.

"கடைசி கொப்பரை இரும்ப அச்சுல ஊத்தறான். எங்களத் தொட வுடல. கைமாறினா சிந்திடுமாம்."

சாராள் கொட்டகை வாசல்வரை போய் நின்றாள். உள்ளே இருபது பேர் இருந்தார்கள். எல்லாரும் கூலியாட்கள், மேஸ்திரி என்று ஒருவரும் இல்லை. நடுவில் தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தானியேல். அவன் சத்தம் போடவில்லை. கையைக் கொஞ்சம் உயர்த்தினான், கொப்பரை சாய்ந்தது. விரலை மடக்கினான், நின்றது. இருபது பேரும் அவன் கையை விட்டுக் கண் எடுக்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவனை இப்படி அவள் பார்த்ததில்லை. அப்பா ஒரு தடவை இதைப் பார்த்திருக்கலாமே என்று நினைத்தாள்.

அச்சு நிறைந்ததும் அவன் திரும்பி, அவளைப் பார்த்தான்.

"நீ இங்க எங்க? மாமாவ எடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன்."

"உங்கள வுட்டுட்டா?"

ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவன், பெஞ்சின்மேல் பெட்டியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். அம்மா அவன் எதிரில் வந்தாள்.

"மாப்ள, அவரு சொல்லிட்டுப் போவல. நான் சொல்றேன். உங்க விசயத்துல அவரு தப்பு பண்ணிட்டாரு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தே." தானியேல் தரையைப் பார்த்தான். "அவரு பாடம் எடுக்கச் சொல்ல ஜன்னலாண்ட நிப்பேன். அஞ்சு வருசமா ஒரு சனிக்கெழம வுட்டதில்ல. அவருக்குத்தான் தெரியாது."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். திருமலை தலைமாட்டை விட்டு விலகி நின்றார்.

தானியேல் குனிந்து தோள் கொடுத்தான். பெட்டி எழுந்தது. அவன் கை பிடித்த இடத்தில், வெள்ளைத் துணியில் ஐந்து விரலும் கரியாகப் பதிந்தன. கெங்கம்மாள் முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனாள்.

சாராள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.