முத்துவடிவின் நிழல் ஒட்டிய சேற்றுப் பாத்தி

1957 ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மேலகரம் வல்லிநாயகம் வீட்டுப் புறவாசலில் நின்ற அழுகண்ணிச் செடிகள் அவர் பெண்டாட்டி முத்துவடிவின் நிழலைப் பிடித்துக்கொண்டன. அழுகண்ணி, நகமளவு இலையில் பசைத்துளி தேக்கி ஈ, கொசுவை ஒட்டவைத்துத் தின்கிற செடி. வல்லிநாயகம் நாட்டு மருந்துக்கடைகளுக்கு மூலிகை பறித்துப் போடுகிறவர். மலையேற மூட்டுவலி விடாததால், ஒரு பாய் அகலத்துக்குக் குழி வெட்டி, களிமண் பூசி, ஆற்றுமணலும் மலைப்பாசியும் நிரப்பிச் செடிகளை வீட்டிலேயே நட்டுவிட்டார். கிணற்று உப்பு அதுக்கு ஆகாது. குற்றாலத்திலிருந்து தினமும் ரெண்டு குடம் அருவித் தண்ணீர் சுமந்தார். எரு கூடவே கூடாது. வேரில் ஒரு பிடி பட்டால் தீர்ந்தது கதை. “பட்டினி போட்டு வளக்குத பிள்ளை இதுதான் அண்ணாச்சி” என்று பக்கத்து வீட்டு அலிமா கேலி பேசினாள்.

முத்துவடிவுக்கு வயிற்றில் கட்டி. ஆவணி தாண்டாது என்று தென்காசி டாக்டர் கையை விரித்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை பாத்தியில் களை பிடுங்கக் குனிந்தவள் நிமிர்ந்தபோது நிழல் அவளோடு எழுந்து வரவில்லை, செடிகளிலேயே ஒட்டிக்கொண்டது. ஆவணி போனது, ஐந்து வருஷம் போனது, அவள் சாகவில்லை. நிழல் ஒட்டியிருக்கிறவரை உயிர் போகாது என்பது ஊருக்கே விளங்கிவிட்டது. வல்லிநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. சாரல் பொய்த்த வருஷம்கூடப் பாறையடியில் காத்துக்கிடந்து செம்பு செம்பாய் மொண்டுவந்தார். ஆனால் கட்டியும் வளர்ந்தது. வலியில் அவள் போட்ட சத்தம் அலிமா வீட்டு அடுப்படிவரை கேட்டது. அட பாவி மனுசா, அதைக் காதில் வாங்காமல் எப்படித்தான் தண்ணீர் சுமந்தாரோ!

1962 புரட்டாசியில் ஒரு மத்தியானம் அவள் கூப்பிட்டாள்.

“ஏங்க, செடிக்கு எருப் போடுங்க.”

“ஏட்டி, செத்துப்போகும்லா.”

“தெரியும். எனக்காவ எவ்வளவோ சுமந்திய. இன்னும் ஒரு கூடை சுமங்க.”

மூன்று நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் சுற்றினார். நாலாம் நாள் தொழுவிலிருந்து ஒரு கூடை எரு கொண்டுவந்து, பாத்தி முழுக்கக் கையாலேயே பரப்பிவிட்டு வாய்விட்டு அழுதார். இலைகள் கறுத்துச் சாய ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க அவர் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. எட்டாம் நாள் காலை நிழல் எழுந்து, சேறு சொட்ட வீட்டுக்குள் வந்து, கட்டிலுக்குக் கீழே படுத்தது.

“வந்துட்டு” என்று சொல்லி முத்துவடிவு கண்ணை மூடினாள்.

பாடையைத் தூக்கியதும் கீழே அவள் நிழல் விழுகிறதா என்று எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். விழுந்தது. சரி என்று நடந்தார்கள். வல்லிநாயகம் மட்டும், அதன் மேல் கால் பட்டுவிடாமல், சுடுகாடுவரை வெயிலில் ஒதுங்கியே நடந்தார்.