நெஞ்சு ஆபரேஷன்

கிருஷ்ணப்ரியா தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்தே அவள் மனதில் கிடந்த ஆசை. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகும் அது போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவன் சிவபிரகாஷிடம் சொல்லிவிட்டாள். அவன் இட்லியைப் பார்த்துக்கொண்டே, "எனக்காகன்னா வேணாம் பிரியா" என்றான்.

"ஒங்களுக்காகன்னு யாரு சொன்னா?"

பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த மாதமே இருவரும் மதுரைக்குப் போனார்கள்.

அங்கிருந்த டாக்டரம்மா எதையும் பூசி மெழுகவில்லை. முதல் வாரம் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல் இறுக்கமாக இருக்கும், கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, தலைப்பக்கம் உயர்த்தி மல்லாந்துதான் படுக்க வேண்டும் என்றார். மார்பு முதலில் மேலே ஏறி, கல்லாக இறுகி, வேறு யாருடையதோ போலத் தெரியும். இறங்கிப் படிய மாதக்கணக்காகும். சில இடம் மரத்துப்போகும். அந்த உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். உள்ளே வைக்கிற சிலிக்கான் பை ஆயுசுக்கும் வரும் என்று நினைக்க வேண்டாம். அவ்வப்போது ஸ்கேன் பார்க்க வேண்டும், என்றைக்காவது மாற்றவும் நேரும். கிருஷ்ணப்ரியா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காரைக்குடி வீட்டில் மாமியாரிடம் என்ன சொல்வது என்பதை மட்டும் டாக்டரம்மா சொல்லவில்லை.

ஆபரேஷன் என்று மட்டும் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்; கேட்டால் பித்தப்பைக் கல் என்று சொல்வதாகப் புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போன நேரம் பார்த்து சிவபிரகாஷின் அம்மா சொர்ணவல்லி போன் செய்து, உடம்பில் எங்கேடா ஆபரேஷன் என்று கேட்டுவிட்டாள். பயத்தில் அவனுக்கு வயிற்றில் இருக்கும் எந்த உறுப்பின் பெயரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"நெஞ்சுலம்மா" என்றான்.

மறுமுனையில் அழுகை கேட்டது.

இருவரும் ஊர் திரும்பியபோது வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. மருமகளுக்கு ஹார்ட் ஆபரேஷன் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. காரில் வரும்போதே சிவபிரகாஷ் விஷயத்தைச் சொல்லியிருந்தான். "நான் பொய் சொல்லலையே பிரியா. நெஞ்சுலன்னுதான் சொன்னேன்" என்று வேறு சேர்த்துக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது.

சொர்ணவல்லி அன்றைக்கே உப்பையும் எண்ணெயையும் பரணில் ஏற்றினாள். மிளகு வறுவலுக்குப் பேர்போன அந்தச் சமையலறையில் வெந்த சுரைக்காய் மணத்தது. பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்டாள், மருமகளை மாடிப்படி ஏறவிடவில்லை, பயமூட்டும் செய்தி எதுவும் காதில் விழாதபடி டிவியையும் அணைத்தாள். வீட்டில் கோபப்படுவதற்கு எவருக்கும் அனுமதி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கிருஷ்ணப்ரியாவுக்கு இத்தனை அமைதியான வாரம் வாய்த்ததில்லை. உண்மையைச் சொல்லலாம் என்று வாயெடுக்கும் போதெல்லாம் மாமியார் ஆப்பிளை நறுக்கி வாயில் ஊட்டிவிடுவாள்.

ஒரு நாள் காலையில் பெத்தன் வந்தார். சிவபிரகாஷின் பெரியப்பா, பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பைபாஸ் செய்துகொண்டவர். நலம் விசாரித்துவிட்டு உடனே கிளம்பிவிடுவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டினார்.

"எனக்குக் கால்ல இருந்து நரம்பு எடுத்தாக. ஒனக்கு எங்குட்டு எடுத்தாகத்தா?"

"எனக்கு எதையும் எடுக்கல பெரிய மாமா. வச்சாக."

"வால்வு" என்றார் பெத்தன், சொர்ணவல்லியைப் பார்த்து. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன புத்திமதி ஒவ்வொன்றும் அச்சு அசலாக டாக்டரம்மா சொன்னதாகவே இருந்தது. கையைத் தூக்காதே, மல்லாந்து படு, இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமு. கொஞ்ச நாளைக்கு நெஞ்சு வீங்கின மாதிரி இருக்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதே என்றும் சொன்னார். கிருஷ்ணப்ரியா பயப்படவில்லை என்றாள். போகும்போது, ஆஸ்பத்திரியில் அவருக்குக் கொடுத்த, மூச்சை இழுத்தால் மூன்று பந்து மேலே எழும்பும் பிளாஸ்டிக் கருவியைப் பரிசாக வைத்துவிட்டுப் போனார். மாமியார் பக்கத்தில் நின்றதால் அவள் தினமும் பந்தை எழுப்ப வேண்டியதாயிற்று.

அடுத்த வாரம் பெத்தன் தன் சகாக்களையும் கூட்டி வந்தார். கண்மாய்க்கரையில் காலை நடை போகும் பைபாஸ்காரர்கள். ஹாலில் வரிசையாக உட்கார்ந்து, காப்பி வருவதற்குள் அத்தனை பேரும் சட்டையைத் திறந்தார்கள். சிவபிரகாஷ் மரியாதைக்குத் தன் சட்டையின் மேல் பொத்தானையும் கழற்றினான். இந்த வயதில் இப்படி வந்ததே என்று எல்லாரும் அவளுக்காக வருந்தி, தங்கள் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்படியாக அவள் தினமும் அந்தப் பெரியவர்களோடு நடக்கப் போனாள். நடப்பது நல்லது என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார். அவர்கள் அவளுக்காக மெதுவாக நடந்தார்கள். எதிரே நாய் வந்தால் சுற்றி நின்று காவல் காத்தார்கள். முந்தானைக்குள் மார்பு இறுக்கம் தளர்ந்து, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி முன் நிற்கும்போது முதல் நாட்களில் வந்த திகைப்பு போய், பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. ஆனால் கரையில் அந்த மனிதர்கள் காட்டிய அன்பு அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. சங்கத்தின் ஆண்டு விழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சொன்னதும் அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மறுநாள் மற்றவர்களை முன்னே போகவிட்டு, பெத்தனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"வலிச்சுச்சா?" என்று கேட்டார் பிறகு.

"வலிச்சுச்சு மாமா."

"மயக்க மருந்து குடுத்தாகளா?"

"குடுத்தாக."

"திரும்பி முழிப்பமான்னு பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் என்னத்தா" என்றார் பெத்தன். "பொன்னாடைக்கு ஆர்டர் குடுத்தாச்சு."

விழா ஒரு சிறிய கல்யாண மண்டபத்தில் நடந்தது. பொன்னாடை போர்த்தியதும் கிருஷ்ணப்ரியாவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். முதல் வாரம் எது நடந்தாலும் பயப்படாதீர்கள் என்று ஆரம்பித்தாள். உள்ளே வைத்தது நம்முடையது இல்லை என்றே தோன்றும். தூக்கம் வராது, எதற்கு இந்த வேலைக்குப் போனோம் என்று அழுகைகூட வரும். எனக்கும் வந்தது. பிறகு ஒரு நாள் குளிக்கும்போது, இது நான்தான் என்று தெரியும். டாக்டர் கூப்பிடும்போதெல்லாம் போய்க் காட்டுங்கள், என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அவ்வளவுதான் சொன்னாள். முன் வரிசையில் பெரியவர்கள் துண்டால் முகத்தைத் துடைத்தார்கள். பெத்தன் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினார்.

பந்தியில் பெத்தனின் மனைவி விசாலி அவள் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். அறுபதைத் தாண்டியவள், அதிகம் பேசாதவள். சாம்பார் ஊற்றிக்கொண்டு போனவர் நகரும்வரை காத்திருந்தாள்.

"எந்த டாக்டருன்னு சொல்லு."

"ஹார்ட்டுக்கா அத்தை?"

"ஹார்ட்டுக்கு யாரு கேட்டா? அவுக எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டாக" என்றாள் விசாலி, சோற்றைப் பிசைந்தபடி.

கிருஷ்ணப்ரியாவுக்குப் புரையேறியது. தன் தலையைத் தானே தட்டிக்கொண்டு, டாக்டரம்மாவின் பேரை மெல்லச் சொன்னாள். மதுரையில் எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டும் என்பதையும் விசாலி கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு இரண்டு பேரும் பாயசத்துக்குக் காத்திருந்தார்கள்.