மாடியில் இருந்த மண்

"நாளைக்கு அவங்க வரும்போது மாடியில ஒரு தொட்டி இருக்கக் கூடாது. குப்பை வாரற வீட்டுல யாராவது பொண்ணு எடுப்பாங்களா?" என்றார் மாமியார்.

மூத்த மருமகள் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. பேருந்து ஓட்டிய கணவனைத் தொற்றுநோய் கொண்டுபோனபோது, முகத்தைக்கூடக் காட்டாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப் போனார்கள். அன்று மரத்துப்போன மனசு அது.

ஊரடங்கில் குப்பை வண்டி நின்று தெரு நாறியது. வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க முடியாமல்தான் அவள் வாளியைத் தூக்கினாள். வீடு வீடாகக் காய்த்தோலும் மிச்சமும் வாங்கி வந்து, சருகோடு சேர்த்து மாடியில் மக்கவைத்தாள். நாற்றம் போய் மண் வந்தது. மண்ணில் கத்தரியும் தக்காளியும் காய்த்தன. சந்தை மூடிக் கிடந்தபோது இந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தத் தொட்டிகளால்தான். மிஞ்சியதைத் தெருவே வாங்கியது. வேலை போன எதிர்வீட்டுத் தையல்காரி, "எனக்கும் கொஞ்சம் மண்ணு தாக்கா, நானும் போட்டுப் பொழைச்சுக்கறேன்" என்று வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள்.

அப்போதெல்லாம் மாமியாருக்கு இவள் கைராசிக்காரி. கடைகள் திறந்ததும் குப்பைக்காரி ஆகிவிட்டாள். நாக்குக்கு என்ன, எலும்பா இருக்கிறது?

"மக்கின மண்ணைத் தர்றதா தெருவுல கேட்டவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் அத்தை. ஒரு வாரம் பொறுங்க."

"தங்கச்சி வாழ்க்கையை விட மண்ணு பெருசா அண்ணி?" என்றான் கொழுந்தன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அவங்க இருக்கிற வரைக்கும் நீங்க மாடியிலயே இருந்துடுங்க. நல்ல காரியம் பாருங்க... தப்பா நினைக்காதீங்க."

அவள் தப்பாகவும் நினைக்கவில்லை, சரியாகவும் நினைக்கவில்லை.

காலையில் தையல்காரியிடம் போய், மண்ணை இப்போதே அள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குள் மாடி துடைத்துப்போட்டாற்போல் கிடந்தது. மறுபடி ஓடத் தொடங்கியிருந்த குப்பை வண்டியை நிறுத்தி, கொழுந்தன் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பியிருந்தான். ஒரு வருட உழைப்பு குப்பைமேட்டுக்குப் போய்விட்டது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

கீழேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "ஏம்மா, நல்ல பிஞ்சாப் பத்துக் கத்தரிக்கா பறிச்சுட்டு வா. நம்ம வீட்டுக் காயின்னு வர்றவங்ககிட்ட பெருமையாச் சொல்லலாம்."

"செடியும் போயிடுச்சு அத்தை."

"செடியுமா? ஏண்டா, குப்பையைத்தானேடா போடச் சொன்னேன்!"

"செடி அந்தக் குப்பையிலதானேம்மா நின்னுச்சு?" என்றான் கொழுந்தன்.

மருமகள் படியிறங்கி வந்தாள். மூலையில் கிடந்த வாளியை எடுத்தாள். கொல்லைப்புறம் போகாமல் கூடத்தின் வழியாக, முன்வாசலுக்கே நடந்தாள்.

"அண்ணி! அவங்க வந்துட்டாங்க, உள்ள போங்க!"

வாசலில் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த அம்மாள் சிரித்தபடி கேட்டார்: "நீங்க யாரும்மா?"

"இந்த வீட்டு மூத்த மருமக. குப்பை வாங்கப் போறேன். நீங்க உள்ள வாங்க, உக்காருங்க."

சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து, தையல்காரியின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.