கியோங்ஜுவிலிருந்து அழைப்பு

மின்சாரம் வந்ததும் தெரேசா முதலில் தண்ணீர் மோட்டாரைப் போட்டாள். பிறகு சோற்றை வைத்தாள், துணி மெஷினைத் திருகினாள், கடைசியாகப் போனை சார்ஜில் சொருகினாள். சொருகிய கையை எடுப்பதற்குள் அது அடித்தது. கொரியாவிலிருந்து அஞ்சலி.

ஞாயிற்றுக்கிழமை காலை. நாலு மணி நேரம் மின்சாரம் இருக்கும் என்று அட்டவணை சொன்னது. ரங்கூனில் அதை நம்பித் துணி ஊறவைக்கிறவர்கள் இப்போது யாரும் இல்லை. வாரம் முழுவதும் தன்லியின் பாலத்தைத் தாண்டி மருந்துக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவளுக்கு வீட்டு வேலைக்கென்று இருப்பது இந்த ஒரு காலை. மகளோ திரையில் ஒரு கல் கோபுரத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அமே, பாருங்க" என்று ஆரம்பித்து, வழக்கம்போல மூச்சுவிடாமல் பர்மிய மொழியில் பேசினாள். மொழிப் பள்ளியில் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி கியோங்ஜுவுக்குக் கூட்டி வந்திருக்கிறார்களாம். இரண்டு நாள் சுற்றுலா. பழைய ராஜாக்களின் ஊராம். இந்தக் கோயில் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல் பழையதாம். அதோ அந்தக் கல் படிகளில் யாரும் ஏறக்கூடாதாம்.

"ஏறக்கூடாத படிய எதுக்குக் காட்டுறாங்க?" என்றாள் தெரேசா.

அவள் கணவன் சகாயராஜ் நாற்காலியோடு நகர்ந்து வந்து திரைக்குள் தலையை நீட்டினான். "நல்லா வச்சிருக்கான். ஒரு குப்பை இல்ல பாரு."

"குப்பைய அப்புறம் பாருங்க. மாடியில தொட்டி வழியுதான்னு போய்ப் பாருங்க."

அவன் போகவில்லை. குளியலறையில் குழாய் இருமிக்கொண்டு காற்றைத் துப்பியது. கீழ்வீட்டிலும் மோட்டார் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. தெரேசா ஓடிப்போய் வாளியை நகர்த்திவிட்டு வந்தபோது படம் உறைந்து, அஞ்சலியின் வாய் பாதி திறந்தபடி நின்றிருந்தது. அழைப்பு அறுந்தது.

இரண்டாவது அழைப்பு மெஷின் துணியைப் பிழியும்போது வந்தது. இந்த முறை புல்வெளி நடுவில் கண்ணாடிச் சீசா போல ஒரு கல் கட்டடம். அந்தக் காலத்தில் அதில் ஏறி நட்சத்திரம் பார்த்தார்களாம். அஞ்சலி அதைச் சொல்லிக்கொண்டே வந்தவள், அதே குரலில், டிசம்பரில் வீட்டுக்கு வருவதாகவும் டிக்கெட் எடுத்துவிட்டதாகவும் சொன்னாள்.

தெரேசா மெஷினை நிறுத்தினாள்.

"யாரக் கேட்டு எடுத்த? மேல் வீட்டு ராதா ஒரு மாசம் லீவுல வந்தா. திரும்பப் போக விட்டாங்களா? வயசுப் பிள்ளைங்கள நாட்ட விட்டு வெளிய விடுறாங்களா இந்தப் பட்டாளத்துக்காரங்க? ரெண்டு வருசமா கீழ போன் கடையில ஒக்காந்துருக்கா. நீயும் ஒக்காரப் போறியா? அங்க படிக்கப் போனியா, கோயில் பாக்கப் போனியா?"

"ஏம்மா கத்துற" என்றான் சகாயராஜ். "கிறிஸ்மஸ்தானே."

"நீங்க சும்மா இருங்க. நீங்க சும்மா இருந்து இருந்துதான் இந்த வீட்டுல எல்லாம் நடக்குது."

 திரையில் அஞ்சலிக்குப் பின்னால் யாரோ கொடியை ஆட்டிக் கூப்பிட்டார்கள். அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், போனை அணைத்துவிட்டாள். சொல்லி வைத்தாற்போல மின்சாரமும் போனது. சோறு அரை வேக்காடு. தொட்டியில் எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது. மெஷினுக்குள் பாதி பிழிந்த துணி.

தெரேசா துணியைக் கையால் பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். ஒவ்வொரு படியிலும் மகளுக்குச் சொல்ல ஒரு வசவு தயாரானது. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், மகள் அடுத்த வருஷம் பெரிய காலேஜில் சேரப்போகிறாள் என்று. மாடியில் போர்வையை உதறிக் கொடியில் போட்டபோது இடுப்பில் செருகியிருந்த போன் மூன்றாவது முறை அதிர்ந்தது.

"அம்மா" என்றது குரல், மெதுவாக.

யாரோ என்று ஒரு கணம் நினைத்தாள். அஞ்சலி அம்மா என்று கூப்பிட்டதில்லை. பேசத் தொடங்கிய நாளிலிருந்து பர்மியர்களைப் போல அமேதான். தமிழில் கேட்டாலும் பதில் பர்மிய மொழியில்தான் வரும்.

"பஸ்ல இருக்கேன். பக்கத்துல நம்ம ஊரு பிள்ளைங்க. அவங்களுக்குத் தெரியக் கூடாது. அதான் தமிழ்."

"சொல்லு."

"பரீட்சை போச்சும்மா. ரெண்டு வாட்டி. கூட வந்தவங்க எல்லாம் மேல் கிளாஸ் போயிட்டாங்க. நான் மட்டும் புதுப் பிள்ளைங்களோட."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டீங்க."

தெரேசா போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பர்மிய மொழியில் என்றால் இவள் இதையே சிரிப்பாக்கி, நாலு சுற்று சுற்றி, பாதி புரியாமல் சொல்லியிருப்பாள். தமிழில் அவளிடம் அவ்வளவு சொற்கள் இல்லை.

"ரூம்ல யாரும் இல்ல. சாப்புட்டா யாரும் இல்ல. காச்சல் வந்துச்சு, அப்பயும் யாரும் இல்ல." ஏதோ ஒரு சொல்லைத் தேடிக் கிடைக்காமல் நிறுத்தினாள். "வீட்டுக்கு வரணும்மா."

"வந்தா திரும்பிப் போக முடியாது. புரியுதா?"

"புரியுது."

வரவேண்டாம் என்று சொல்வது உன்னை வேண்டாம் என்று சொல்வதாகாது. அதைத்தான் தெரேசா சொல்ல நினைத்தாள். ஆனால் மகளுக்குத் தெரிந்த தமிழில் இரண்டும் ஒன்றாகவே விழுந்துவிடும் என்று பட்டது. அந்த 'வேண்டாம்' மட்டும் காதில் நிற்கும். பர்மிய மொழியில் சொல்லலாம். பக்கத்துச் சீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடும். கொடியில் கிடந்த போர்வையை இன்னொரு முறை இழுத்துவிட்டாள். கீழே தெருவில் யாருடைய ஜெனரேட்டரோ உறுமத் தொடங்கியது. அந்த ஓசை இருவருக்கும் நடுவில் நின்றது.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன். வைக்காத."

"எறங்கச் சொல்றாங்க."

"எறங்கு. வைக்காம எறங்கு."

படம் குலுங்கியது. பஸ் படி, ஒரு செருப்பு, சருகு கிடந்த பாதை. பிறகு பச்சைப் புல் மூடிய பெரிய மேடுகள், ஒன்றின் பின் ஒன்றாக. ராஜாக்களைப் புதைத்த இடம் என்று அஞ்சலி தமிழில் சொல்லப் பார்த்தாள். "ராஜா செத்து உள்ள" என்றாள். தெரேசாவுக்குச் சிரிப்பு வந்தது. 

யாரோ கொரிய மொழியில் எல்லாரையும் கூப்பிட்டார்கள். படம் எடுக்க வரிசையாக நிற்கச் சொல்கிறார்கள் போலிருந்தது. அஞ்சலி போனை அணைக்காமல் கேமரா வானத்தைப் பார்க்க நெஞ்சோடு சாய்த்துப் பிடித்திருக்க வேண்டும். திரையில் ஆட்கள் இல்லை, மேடுகள் இல்லை, வானம் மட்டும் தெரிந்தது. தெரேசா வெயில் படாமல் ஈரப் போர்வையின் மறைவுக்குள் போய் நின்று, அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனுக்குள்ளிருந்து பல குரல்கள் படத்துக்காக ஒன்றாக ஏதோ எண்ணின. எதுவரை எண்ணுவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.