செத்த பிறகு நடந்த கல்யாணம்

அந்தப் பைண்டிங் கூடத்தில் பத்து மேசைகள் இருந்தன. அச்சகத்திலிருந்து வரும் பெரிய தாள் ஒவ்வொன்றிலும் பதினாறு பக்கங்கள் அச்சாகியிருக்கும். அதை மூன்று முறை மடித்தால் ஒரு ஃபாரம். ஒரு மேசைக்கு ஒரு ஃபாரம் என்பது மேஸ்திரி வகுத்த ஒழுங்கு. ஆகவே அங்கே வேலை செய்யும் ஒருத்தி, காலையிலிருந்து மாலை வரை அதே பதினாறு பக்கங்களையே மடித்துக்கொண்டிருப்பாள். புத்தகத்தின் தலையும் அவளுக்குத் தெரியாது, வாலும் தெரியாது.

ஜன்னலோரம் ஏழாம் மேசையில் இருந்தவளைக் கூடமே ‘கண்ணாடி’ என்று அழைத்தது. மூக்குக் கண்ணாடி அவள் முகத்துக்கு வந்ததும், எழுத்து அவள் வாழ்க்கைக்குள் வந்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான். நாற்பது வயதைக் கடந்த பின் மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டப் பழகியவள் அவள். பழகிய நாள் முதலாக அவளுக்கு ஆறாப் பசி. கடைப் பலகை, மருந்துச் சீட்டு, சோப்பு உறை, பேருந்தின் முதுகு என்று எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. ஆனால் நான்கு மாதங்களாகக் கூடத்துக்கு வந்தவையெல்லாம் பயிற்சி வினாத்தாள்களாகவே இருந்தன.

“முந்நூறு கேள்வி படிச்சாச்சுடி. ஒண்ணுக்காவது பதில் போட்டிருக்கானா பாவி?” என்று அவள் தன் தோழியிடம் முறையிட்டாள்.

தோழியின் பெயர் ‘வாயாடி’. தையல் இயந்திரத்தில் புத்தகங்களைத் தைப்பவள். பதினைந்து ஆண்டுகளாக இருவரும் ஒரே படிக்கட்டில் அமர்ந்து சாப்பிடுபவர்கள். வாயாடிக்குப் படிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். கண்ணாடி எதைப் படித்தாலும் அவள் காதில் போட்டாக வேண்டும்.

“பதில் தெரிஞ்சா அவன் எதுக்குடி நம்மகிட்ட கேக்கறான்?” என்றாள் வாயாடி.

வேலை நேரத்தில் தாளைப் படிக்கக் கூடாது என்பது கூடத்தின் முதல் விதி. “சம்பளம் மடிக்கறதுக்கு, படிக்கறதுக்கு இல்ல” என்பார் மேஸ்திரி. சென்ற ஆண்டு பிடிபட்ட ஒருத்தியைக் கீழ்த்தளத்துப் பொதி கட்டும் அறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே இருப்பவை பழுப்புத் தாளும் கயிறும் மட்டுமே. படிக்க ஓர் எழுத்துகூடக் கிடைக்காத அந்த அறைப் பக்கம் போகவே கண்ணாடி அஞ்சுவாள்.

இந்நிலையில் ஒரு திங்கட்கிழமை, பத்து ஃபாரங்கள் கொண்ட ஒரு நாவல் வந்து இறங்கியது.

கூடத்தின் முகமே மாறிவிட்டது. கைகள் மடித்தன, கண்கள் மேய்ந்தன. உணவு வேளையில் படிக்கட்டில் கூடி, ஒவ்வொருத்தியும் தன் மேசையில் நடந்ததைச் சொன்னாள். ரயில் நிலையத்து சிக்னல்காரர் ஒருவர். அவர் எதிர்வீட்டுத் தையற்காரியை விரும்புகிறார். நான்காம் மேசை வரை கதை நன்றாகவே நடந்தது. ஐந்தாம் மேசைக்காரி பெருமூச்சுடன், “எங்கிட்ட அவரைப் புதைச்சிட்டாங்க” என்றாள். ஆறாம் மேசைக்காரி திகைத்தாள். “எங்கிட்ட அவர் குடைக்காகப் பொண்டாட்டிகூட சண்டை போடறாரே? அப்புறம் காய்ச்சல்ல படுத்து, மறுபடியும் சாகறார்.” ஏழாம் ஃபாரத்தை மடித்த கண்ணாடி மெல்லச் சொன்னாள்: “எங்கிட்ட இப்பத்தான் அவளைக் கல்யாணம் பண்ணிக்கறார்.”

வாயாடி தொடையைத் தட்டினாள்.

“பேய்! செத்தவன் திரும்பி வந்து, சண்டை போட்டு, கல்யாணமும் பண்ணிக்கறான். அடேங்கப்பா, எழுதினவன் கையைக் கொண்டா, முத்தம் கொடுக்கறேன்!”

அன்றே அவள் தன் தெரு முழுவதும் அந்தப் பேயைப் பரப்பிவிட்டாள். கூடமும் பேயை ஏற்றுக்கொண்டது. கண்ணாடியின் மனம்தான் ஒப்பவில்லை. அவளுடைய ஃபாரத்தில் சிக்னல்காரர் நாக்குக் குழற, காது சிவக்க நின்றார். அந்த வெட்கம் உயிருள்ள மனிதனுடையது என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை.

வியாழக்கிழமை காலை ஃபாரங்களைப் பக்க எண் வரிசைப்படி அடுக்கி முடித்தார்கள். தைப்பதுதான் பாக்கி. தைத்துப் பசை போட்டுவிட்டால் பிறகு பிரிக்க இயலாது. கண்ணாடி ஓர் அடுக்கை எடுத்து, ஒரு ஃபாரம் முடியும் இடத்தையும் அடுத்தது தொடங்கும் இடத்தையும் சேர்த்துப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு அந்த அடுக்கோடு மேஸ்திரியின் முன் போய் நின்றாள்.

“மேஸ்திரி, தைக்க வேண்டாம். அஞ்சும் ஏழும் இடம் மாறியிருக்கு.”

மேஸ்திரி புரட்டிப் பார்த்தார். “அறுபத்தஞ்சு, அறுபத்தாறு… தொண்ணூத்தேழு, தொண்ணூத்தெட்டு. நம்பர் சரியாத்தானே இருக்கு?”

“நம்பர் சரி. கதை தப்பு.”

“கதையா?” மேஸ்திரியின் புருவம் ஏறியது. “உனக்கு எப்படித் தெரியும் கதை?”

பொய் சொல்ல இடம் இருந்தது. ‘யாரோ சொன்னாங்க’ என்று நழுவலாம். நழுவினால் அவள் பேச்சை ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

“படிச்சேன்.”

பத்து மேசைகளிலும் கைகள் நின்றன.

“எவ்வளவு நாளா நடக்குது இது?”

“எழுத்து தெரிஞ்ச நாள்லேருந்து.”

“நேத்து எழுத்துக் கூட்டினவ, இன்னிக்கு அச்சகத்துக்காரனுக்கே பாடம் எடுக்கறியா?” மேஸ்திரி படிக்கட்டைச் சுட்டிக்காட்டினார். “கீழே போ. இனிமே உனக்குக் கயிறுதான். ஏய் வாயாடி, நீ மெஷினை ஓட்டு!”

இயந்திரம் ஓடவில்லை. வாயாடி மிதியிலிருந்து காலை எடுத்து, மடித்து, நாற்காலியின் மேல் சம்மணமிட்டு அமர்ந்திருந்தாள்.

“காது கேக்கலையா?”

“நல்லா கேக்குது மேஸ்திரி. எனக்கு அந்தப் பேயை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா அவ தப்புன்னு சொன்னா அது தப்பு. நான் தைக்க மாட்டேன். வேணும்னா என்னையும் கயிறு கட்ட அனுப்புங்க. ரெண்டு பேருமா சேந்து உங்களையே கட்டி அனுப்பிடறோம்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இயந்திரத்தின் ஓசை எழவில்லை என்பதை உணர்ந்து, உள்ளறையிலிருந்து முதலாளியம்மா வெளியே வந்தார். நடந்ததைக் கேட்டார். பிறகு கண்ணாடியைப் பார்த்து ஒரே சொல் சொன்னார்.

“படி.”

அதுவரை அவள் படித்ததெல்லாம் ஒரே ஒருத்தியின் காதில்தான். இப்போது கூடமே காதாக நின்றது. அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நான்காம் ஃபாரத்தின் கடைசி வரியை எடுத்தாள்.

“‘அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நீ என்னை…’ இத்தோட நாலு முடியுது. அஞ்சு இப்படித் தொடங்குது: ‘மண்ணுக்குள் இறக்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது.’”

“பேய்தான்னு சொன்னேனா இல்லையா!” என்று வாயாடி தன்னை மறந்து கத்தினாள்.

“சும்மா இருடி! இப்ப ஆறோட கடைசி: ‘நால்வர் சேர்ந்து சிக்னல்காரரின் உடலை…’ ஏழு தொடங்குது: ‘மணந்துகொள்வாயா என்று கேட்டார்.’”

அடுத்த கணம் கூடம் வெடித்துச் சிரித்தது. முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணாடி சிரிக்கவில்லை. அவள் இரண்டு ஃபாரங்களையும் உருவி இடம் மாற்றி, குரலை உயர்த்தினாள். இம்முறை ஒரு சொல்லும் திக்கவில்லை.

“‘நீ என்னை மணந்துகொள்வாயா என்று கேட்டார்.’ ‘நால்வர் சேர்ந்து சிக்னல்காரரின் உடலை மண்ணுக்குள் இறக்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது.’”

சிரிப்பு அடங்கிவிட்டது. ஐந்தாம் மேசைக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

முதலாளியம்மா அச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அங்கே கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வரை எவரும் அசையவில்லை. பேசி முடித்து நிமிர்ந்தவர், மேஸ்திரியை நோக்கிச் சொன்னார்:

“ரெண்டு ஃபாரத்துக்கும் பக்க நம்பரை மாத்திப் போட்டுட்டாங்களாம். அந்த ரெண்டை மட்டும் மறுபடி அடிச்சு நாளைக்கே அனுப்பறாங்க. தைச்சிருந்தா ரெண்டாயிரம் புத்தகமும் குப்பை, மேஸ்திரி.”

மேஸ்திரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இனிமே எந்தப் புத்தகமா இருந்தாலும், அடுக்கின முதல் பிரதியை இவ முழுசா படிக்கணும். இவ சரின்னு சொன்ன பிறகுதான் தையல். இவளுக்கு ஜன்னல்கிட்ட நல்ல நாற்காலியா போடுங்க.”

நாற்காலியை மேஸ்திரியே தூக்கி வந்தார். வழியில் இரு மேசைகளில் இடித்துக்கொண்டு வந்து வைத்தவர், கண்ணாடியைப் பார்க்காமலே, “உக்காரும்மா” என்றார். அந்த ‘அம்மா’வுக்குப் பத்து மேசைகளும் கை தட்டின. வாயாடி கை தட்டியதோடு நிற்காமல் இரு விரலை வாயில் வைத்துச் சீழ்க்கையும் அடித்தாள்.

“என் பேயைக் கொன்னுட்டியேடி படுபாவி! தெருவுல நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நடப்பேன்?”

“நான் படிச்சேன்னு சொல்லு. பேயைவிடப் பெரிய சேதி.”

மறு வாரம் அடுத்த புத்தகம் வந்தது. மேஸ்திரி முதல் பிரதியை இரு கைகளாலும் கொண்டுவந்து நீட்டினார். பம்ப்செட் பழுது பார்க்கும் முறைகள். முந்நூற்று இருபது பக்கங்கள், படங்களுடன். அட்டையில் இருந்த படத்தைக் கண்டு வாயாடி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“மாட்டினியா! இதையாடி இத்தனை நாளா தேடினே?”

கண்ணாடி அதற்குள் முதல் பக்கத்தைத் திறந்திருந்தாள். பதினைந்து ஆண்டுகளில் அவள் கை பட்ட புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒன்றையேனும் முதல் வரியிலிருந்து தொடங்கும் பேறு அவளுக்கு வாய்த்ததில்லை. விரலை வரியின் அடியில் வைத்து நிதானமாக நகர்ந்தாள். பக்கம் திரும்பியது. இன்னொன்று திரும்பியது. தையல் இயந்திரம் காத்திருந்தது. பசைச் சட்டி காத்திருந்தது. வாயாடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

“இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?”

“அவசரப்படுத்தாதீங்க மேஸ்திரி,” என்றாள் கண்ணாடி, தலையை நிமிர்த்தாமலே. “இப்பத்தான் தண்ணி மேலே ஏற ஆரம்பிச்சிருக்கு.”