நடுத்தூணுக்குப் பேரம்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. அதிலும் அப்பா, கடைக்காரர் சரக்கை மூட்டை கட்ட ஆரம்பிக்கும்போதுதான் வாயைத் திறப்பார். அதனால்தான் எங்கள் புதுக் கடைக்கு இன்ஜினியரான அக்கா, "ஒன்பது தூண்" என்று வரைபடத்தை விரித்தபோது அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஒப்புக்கொண்டார் என்று மேஸ்திரி நம்பினார். அக்காவும் நானும் நம்பவில்லை.

அஸ்திவாரம் முடிந்து, கம்பி கட்டி, பலகை அடைத்து, கலவை இயந்திரம் சுற்ற ஆரம்பித்த காலையில் அப்பா வந்து நின்றார்.

"அந்த நடுத்தூண எடுத்துடும்மா. எட்டு போதும்."

"போதாதுப்பா. பீம் தொங்கிடும்."

"உள்ள வர்றவன் கண்ணுக்குச் சரக்கு தெரியணுமா, தூண் தெரியணுமா?"

"அவன் தலைக்கு மேல கூரை நிக்கணும்."

"சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பாதி தடிமன்ல வை."

"தூண் என்ன துணியாப்பா, கிழிச்சுக் குடுக்க?"

மேஸ்திரி சிரிப்பை இருமலாக மாற்றினார். அப்பா திரும்பிப் பார்த்ததும் இருமல் நிஜமாகிவிட்டது.

பழைய குடோன் கட்டியபோதும் இதே கதைதான். அந்த இன்ஜினியர் தங்கமான மனிதர்; கடைசி நேரத்தில் அப்பா கேட்டதையெல்லாம் விட்டுக்கொடுத்தார். இன்று அந்தக் கூரைக்கு மரத்தை முட்டுக் கொடுத்து, நடுவே நெளிந்து நெளிந்து மூட்டை தூக்குகிறோம். அப்பாவைக் கேட்டால் சிமெண்ட் சரியில்லை என்பார்.

"மேஸ்திரி, அந்தக் கம்பிய வெட்டுங்க," என்றார் அப்பா.

அக்கா போய்ப் பலகையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நாளைலேர்ந்து நீ இங்க வர வேணாம்," என்று அப்பா திரும்பி நடந்தார்.

சந்தையில் அவர் இப்படி நடந்தால் நாலு கடை தாண்டுவதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். இங்கே அவர் நடை மெல்ல மெல்லத் தளர்ந்தது. பழக்கதோஷத்தில் அவரைக் கூப்பிட நான் வாயைத் திறந்தேன். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"மேஸ்திரி, நாளைக்குத்தான் நான் கிடையாது. இன்னைக்கு நான்தான் இன்ஜினியர். ஊத்துங்க."

அப்பா மணல் குவியலைச் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பியபோது, நடுத்தூணுக்குள் கலவை இடுப்புயரம் ஏறியிருந்தது.

"நாளைக்கே வேற இன்ஜினியரக் கூட்டிட்டு வரேன்," என்றார்.

"தாராளமா," என்றாள் அக்கா. "இத இடிக்கச் சொன்னார்னா, அவரையே இந்த இடத்துல நிக்க வச்சுக் கூரையப் போடுங்க."