ஐந்தாவது படி

ஐந்து கேள்விகளையும் வரிசையாக அடுக்கியவன் ரத்தினசாமிதான். அப்புறம் யாரைப் போய்க் குறை சொல்வது? எழுபத்து நாலாம் வருஷம், வண்டிப்பெரியார்ப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் அக்கம்பக்கத்து உறவு எவ்வளவு நெருக்கம் என்று அளந்து வரச் சொல்லி ஆராய்ச்சி நிலையம் அவனை அனுப்பியிருந்தது. உறவை அளக்க முடியுமா என்றால், அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். கேள்விகளை ஏணிப்படி போல அடுக்க வேண்டும். சுலபமானது கீழே, கஷ்டமானது மேலே. மேல்படிக்கு ‘ஆமாம்’ என்கிறவர் கீழ்ப்படிகளுக்கும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்லியிருப்பார். எந்தப் படி வரைக்கும் ஏறினார் என்று தெரிந்தால் போதும்.

சிரித்துப் பேச ஆள் உண்டா? உப்பு கேட்டால் கொடுப்பார்களா? பிள்ளையை நம்பி விட்டுப் போவீர்களா? காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துத் தருவார்களா? எல்லாவற்றுக்கும் உச்சியில்: செத்தால் வருவார்களா?

சாவை உச்சியில் வைத்ததற்கு அவனுக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அண்ணன் கந்தப்பனோடு, பங்குக் கிணற்றுத் தகராறில் பேச்சு நின்று பல வருஷம் ஆகிவிட்டது. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் காட்சி என்று ஒன்றுமில்லை. ஒரு கடைக்கு மேலே வாடகை அறை. மழையும் மூடுபனியும் ஜன்னலை அடைத்து நிற்கிற சாயங்காலங்களில், பேச ஒரு நாதியில்லாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரே ஆறுதல்தான்: ‘என்ன இருந்தாலும், நா செத்தா அண்ணன் வராமயா இருந்துருவாங்க?’ அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தான் அநாதை இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தான், பாவம்.

கொழுந்து கிள்ளிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த செபமாலையம்மாளிடம் கேள்விகளைக் கேட்டான். அடுத்த வீட்டு மூக்கம்மாளோடு அவளுக்குக் கோழி விஷயமாகச் சண்டை, பேச்சில்லை.

“அவகிட்ட உப்பா? உப்பில்லாமலே தின்னுட்டுப் போறேன் சார்!” முதல் நாலு கேள்விக்கும் இதே பாட்டுத்தான்.

“சரிங்க, செத்தா வருவாங்களா?”

“வராம? அவதான் மொத ஆளா வந்து மாரடிப்பா. அவ போனா நானும் போவேன். சாவுக்குப் பேசாதவளும் வரத்தான சார் செய்வா?”

அவள் மட்டுமா? ஒரு லயம் பாக்கியில்லாமல் எல்லோரும் அப்படியே சொன்னார்கள். முதல் நாலில் எத்தனைக்கு ‘இல்லை’ என்றாலும், ஐந்தாவதற்கு ‘ஆமாம்’. அறைக்கு வந்து அட்டவணை போட்டுப் பார்த்தால், படிப்படியாக இறங்க வேண்டியது கோழி கிளறிய குப்பையாகக் கிடந்தது. வரிசைக்கு அடங்காத பதிலுக்குப் பிழை என்று பெயர். பிழை மிஞ்சினால், படி மாறிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

நல்லதுக்குச் சொன்னால்தான் போக வேண்டும், கெட்டதுக்குச் சொல்லாமலே போக வேண்டும். இதைக் கேட்டு வளர்ந்தவன்தானே அவனும்! சாவுக் கேள்வியைத் தூக்கி அடியில் போட்டான். அட்டவணை மளமளவென்று ஒழுங்குக்கு வந்துவிட்டது.

சந்தோஷப்பட வேண்டியவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பரம விரோதிக்கும் கிடைக்கிற அடிப்படியிலா இத்தனை காலம் நின்றுகொண்டிருந்தோம்? அதைப் போயா பெரிய உறவு என்று நினைத்தோம்? அழுகை வந்தது, அடக்க ஆள் இல்லாததால் நன்றாகவே அழுதான். அழுது முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தான். அண்ணனிடம் போக வேண்டும். காரணம் எதுவும் வேண்டாம், சிரித்து நாலு வார்த்தை பேசினால் போதும். அடுத்த படி அதுதானே?

கம்பம், பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போனான். ‘மழை எப்படிங்ணா?’ என்று ஆரம்பிக்கலாமென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

தோட்டத்தில் கந்தப்பன் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். முன்னைக்கு இப்போது மெலிந்திருந்தார். நிமிர்ந்து தம்பியைப் பார்த்ததும் கையிலிருந்த அரிவாள் கீழே விழுந்தது.

“ஆரு செத்தாங்க?” என்றார்.

அதற்குள் ஊட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அண்ணி முத்தாத்தாள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். “ஐயோ, நம்ம மருதாத்தா போயிட்டாளா!” மருதாத்தாள், உடுமலையில் கட்டிக்கொடுத்த தங்கை. கல்லுக்குண்டாட்டம் இருக்கிறாள்.

“ஐயோ, ஒருத்தரும் சாகலீங்ண்ணி. எல்லாரும் நல்லாத்தான் இருக்கறாங்க” என்றான் பதறிப்போய். “நா சும்மா... உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்ணா.”

“சும்மாவா?”

கந்தப்பன் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு கிட்டே வந்து தோளில் கை வைத்தார். அண்ணன் கை மேலே பட்டு எத்தனை காலம்! ரத்தினசாமியின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“பரவால்ல தம்பி, நா தாங்கிக்குவேன். மறைக்காம ஆருன்னு சொல்லிப்போடு.”